கல்லும் கொடியும் – 8: பெயர் கிடைத்த ஆண்டு

1874-ல் ரயில் வந்தது. 1920-களில் பூச்சி வந்தது. சிங்க்வே தெர்ரேயின் திராட்சைத் தோட்டங்களை அதிகம் காலி செய்தது இந்த இரண்டில் எது என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

இடையில் வந்து சேர்ந்த வாசகர்களுக்காகச் சில வரிகள். இத்தாலியின் வடமேற்கில் லிகூரியாக் கரை. அங்கே மலை நேராகக் கடலில் இறங்கும் ஓரிடத்தில் ஐந்து ஊர்கள்: மொந்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கொர்னீல்யா, மனரோலா, ரியோமாஜோரே. ஏர் பூட்ட ஒரு துண்டுச் சமநிலம்கூட இல்லாத இந்தச் சரிவை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் படிப்படியாக வெட்டினார்கள். வெட்டும்போது கிடைத்த கல்லையே அடுக்கிச் சுவராக்கினார்கள். சுவருக்குப் பின்னால் மண் நிரப்பினார்கள். மண்ணில் கொடி வைத்தார்கள். அந்தக் கொடியிலிருந்து வந்த வெள்ளை ஒயின்தான் இந்தத் தொடரின் நாயகன்.

சரி, கேள்விக்கு வருவோம். என் பதில் ரயில்தான்.

பூச்சிக்கு மருந்து இருந்தது. ஃபில்லோக்ஸெரா என்ற அந்த வேர்ப்பூச்சி அசுவினிக்கு நெருங்கிய உறவு. ஐரோப்பியக் கொடியின் வேரை அரிக்கும் அந்தப் பூச்சியால், அமெரிக்கக் கொடியின் வேரை அப்படி அழிக்க முடியவில்லை. ஆகவே அமெரிக்க வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக் கட்டி மறுபடி நட்டார்கள். ஐரோப்பா முழுவதும் தோட்டங்கள் பிழைத்தது இந்த வழியில்தான். செலவும் உழைப்பும் அதிகம், நட்ட கொடி காய்க்கச் சில ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டும். ஆனாலும் வழி இருந்தது.

ரயில் கொண்டுபோன ஆட்களைத் திருப்பிக் கொண்டுவர எந்த ஒட்டும் உதவவில்லை.

சங்கு ஊதும் திசை

லா ஸ்பேட்சியாவில் 1869-ல் திறக்கப்பட்ட கடற்படைக் கப்பல் தளத்தைப் பற்றி விரிவாகவே பார்த்தோம். ஒன்றுபட்ட இத்தாலி, தன் கடற்படைக்காகக் கட்டிய பெரும் தொழிற்களம் அது. ஐந்து ஆண்டு கழித்து, மலையைக் குடைந்துகொண்டு ரயில் வந்தது. அதுவரை படகிலோ, மலைமுகட்டைக் கால்நடையாகத் தாண்டியோ போக வேண்டியிருந்த நகரம் திடீரென்று பக்கத்துத் தெரு ஆகிவிட்டது. இன்றைக்கு ரியோமாஜோரேயில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் லா ஸ்பேட்சியா.

முதலில் யாரும் தோட்டத்தை விடவில்லை. காலையில் ரயிலேறிக் கப்பல் தளத்துக்குப் போய், மாலையில் திரும்பிக் கொடி கட்டினார்கள். விடுமுறை நாளில் சுவர் திருத்தினார்கள். பாதித் தொழிலாளி, பாதி விவசாயி. சம்பளப் பணம் வீட்டுக்கு வந்ததால் தோட்டம் தப்பியது என்றுகூட அந்த முதல் தலைமுறையைப் பார்த்துச் சொல்லலாம்.

ஆனால் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். மாதம் பிறந்தால் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம் ஒரு பக்கம். மறுபக்கம், மழை பொய்த்தாலும் பெய்து கெடுத்தாலும் கையைக் கடிக்கும் தோட்டம். பூச்சி வந்து கொடியெல்லாம் பட்டுப்போன வீட்டில், மறுபடி நட வேண்டுமா என்று அப்பன் கேட்டபோது மகன் என்ன சொல்லியிருப்பான்? பக்கத்துப் படிகளில் மட்டும் நட்டார்கள். உயரத்தில் இருந்தவற்றை, எட்ட இருந்தவற்றை விட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து தொழிற்சாலைகள் பெருகியபோது பக்கத்துப் படிகளையும் விடத் தொடங்கினார்கள்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சரிவில் ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல் படித்தோட்டம் இருந்தது. இன்று கொடி நிற்பது நூறு ஹெக்டேரை ஒட்டித்தான். இந்த வீழ்ச்சிக்கு நடுவில் விழுகிறது 1973.

ஒரு சுவர் எப்படி நிற்கிறது

அந்த ஆண்டுக்குள் நுழையும் முன் சுவரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்துவிட வேண்டும். அதைப் பார்க்காமல் இந்தக் கதையில் எதுவும் விளங்காது.

இந்தச் சுவரில் சுண்ணாம்பு கிடையாது, சிமெண்ட் கிடையாது. கல்லின் மேல் கல். அவ்வளவுதான். அடியில் பெரிய கற்களைப் பாறை மீதோ கெட்டி மண் மீதோ பதிக்கிறார்கள். மேலே போகப் போகச் சுவர் மலைப்பக்கம் லேசாகச் சாய்கிறது. ஒவ்வொரு கல்லும் கீழே உள்ள இரண்டு கற்களின் இணைப்பை மூடியபடி உட்கார வேண்டும். ஆடுகிற கல்லுக்குச் சின்னச் சில்லு செருகுகிறார்கள். சுவரின் முதுகில், மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே, பொடிக்கற்களைக் கொட்டி இறுக்குகிறார்கள்.

அந்தப் பொடிக்கல் அடுக்குதான் உயிர். மழை பெய்தால் நீர் மண்ணில் ஊறி, பொடிக்கல் வழியே இறங்கி, சுவரின் இடுக்குகள் வழியே வெளியேறிவிடும். சுவர் நீரைத் தடுப்பதில்லை, வடிய விடுகிறது. சாந்து பூசிய சுவராக இருந்தால் பின்னால் நீர் தேங்கி, மண் கனத்து, ஒரு பெருமழையில் மொத்தமும் சாய்ந்துவிடும்.

ஆனால் காலப்போக்கில் மண் நகர்ந்து பொடிக்கல் இடுக்குகளை அடைக்கும். மரத்தின் வேர் உள்ளே புகும். மேல் கல் ஒன்று விழும். நீர் போக வழியில்லாமல் உள்ளே தங்கும். சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளும். வயிறு தள்ளிய சுவரைப் பார்த்த விவசாயிக்குத் தெரியும், அடுத்த மாரியை இது தாங்காது என்று. உடனே பிரிக்க வேண்டும். கற்களைப் பெரிசு, நடுத்தரம், பொடி என்று தரம் பிரித்து, மண்ணை ஒதுக்கி, அடியிலிருந்து மறுபடி கட்ட வேண்டும். விழுந்த கல்லையே திரும்பப் பயன்படுத்துவதால் பொருட்செலவு கிடையாது. நாள்தான் செலவு. ஒரு ஆள் நாளெல்லாம் குனிந்து வேலை செய்தாலும் சில மீட்டர்தான் நகரும்.

இந்தக் கரையில் உள்ள சுவர்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் 6,700 கிலோமீட்டருக்கு மேல் வரும் என்று ஒரு கணக்கு உண்டு. பல தலைமுறைகள், குளிர்காலம் முழுவதும் இதையே செய்தார்கள். அந்த உழைப்புக்குக் கூலி கொடுத்தது வேறு யாருமில்லை, ஒயின்தான். ஒயின் விலை போகிற வரைக்கும் சுவர் நிற்கும்.

ரோமில் எழுதிய காகிதம்

ஒயினுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. 14-ஆம் நூற்றாண்டில் பொக்காச்சோ எழுதிய 'டெக்கமரான்' நூலில், பத்தாம் நாளின் இரண்டாம் கதை நினைவிருக்கிறதா? கீனோ தி தாக்கோ என்ற கொள்ளைக்காரன், வயிற்றுக் கோளாறுக்கு வைத்தியம் தேடிப் போகும் குளூனி மடத்துத் தலைவரைச் சிறைபிடிக்கிறான். பிறகு அவருக்கு அவன் கொடுக்கும் பத்தியம், சுட்ட ரொட்டியும் கொர்னீல்யா ஒயினும். அந்தப் பத்தியத்திலேயே மடத்துத் தலைவர் குணமாகிவிடுகிறார். கதையைக் கேட்ட இத்தாலியர்களுக்குக் கொர்னீல்யா எங்கே இருக்கிறது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

அறுநூறு ஆண்டுப் புகழ். ஆனால் அந்தப் புகழுக்குச் சொந்தக்காரர் யார் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சமவெளியில் டிராக்டர் ஓட்டி, மலிவாக விளைவித்த ஒயின் மீது அதே பெயரை ஒட்டினாலும் கேட்பாரில்லை. மலையில் முதுகொடிந்து விளைவித்தவன் அந்த விலைக்குப் போட்டி போட முடியுமா?

1963-ல் இத்தாலி ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு ஊரின் பெயரில் ஒயின் விற்க வேண்டுமானால் அது அந்த ஊர் எல்லைக்குள் விளைந்த திராட்சையில், வரையறுத்த முறையில் செய்ததாக இருக்க வேண்டும். இப்படிச் சான்று பெற்ற ஒயின்களுக்கு டி.ஓ.சி. என்று மூன்று எழுத்து முத்திரை. 1966-ல் முதலில் அதைப் பெற்ற ஒயின்களில் ஒன்று டஸ்கனியின் சான் ஜிமிஞ்யானோவினுடையது. பணமும் செல்வாக்கும் உள்ள வட்டாரங்கள் வரிசையில் முன்னால் நின்றன.

சிங்க்வே தெர்ரேயின் முறை 1973 மே 29 அன்று வந்தது.

அந்த ஆணை எல்லையைக் குறித்தது: ரியோமாஜோரே, வெர்னாட்சா, மொந்தெரோஸ்ஸோ ஆகிய மூன்று ஊராட்சிகள், அவற்றோடு லா ஸ்பேட்சியா நகராட்சிக்குள் வரும் திரமோந்திச் சரிவுகள். கொர்னீல்யாவும் மனரோலாவும் முதல் மூன்றுக்குள்ளேயே அடங்கும். பிறகு திராட்சைகளைக் குறித்தது. முதலிடம் போஸ்கோவுக்கு. இன்றைய விதிப்படி கலவையில் அது குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். அல்பரோலாவும் வெர்மெந்தீனோவும் தனியாகவோ சேர்ந்தோ 40 சதவீதம் வரை. மீதிக்கு வேறு உள்ளூர் வெள்ளைத் திராட்சைகள்.

போஸ்கோவை இந்தக் கரையை விட்டு வெளியே அதிகம் காண முடியாது. உப்புக்காற்றைத் தாங்கும். ஒயினுக்குத் திடம் கொடுப்பது அதுதான். அல்பரோலா மென்மை சேர்க்கும். வெர்மெந்தீனோவுக்கு மணம் அதிகம். சார்டீனியாவிலும் கோர்சிகாவிலும் அதற்குச் சொந்தங்கள் உண்டு. மூன்றும் சேர்ந்து வரும் ஒயின் வைக்கோல் நிறம். இனிப்பு துளியும் இல்லை. மலைச் செடிகளின் வாசனை முதலில், நாக்கின் ஓரத்தில் உப்பு கடைசியில். நெத்திலி மீனை எலுமிச்சை பிழிந்து தின்னும் ஊர்களில் இப்படியொரு ஒயின் பிறந்ததில் வியப்பென்ன?

அதே திராட்சையை நிழலில், காற்றோட்டமான இடத்தில் வாரக்கணக்கில் உலர்த்தி, நவம்பர் பிறந்த பிறகே பிழிந்து எடுக்கும் இனிப்பு ஒயின் ஷாக்கெத்ரா. கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் திறக்கிற புட்டி அது. ஆணை அதற்கும் இடம் கொடுத்தது. அதன் கதை தனி அத்தியாயம் கேட்கும்.

க்ரோப்போவின் கூடம்

காகிதத்தால் மட்டும் எந்தத் தோட்டமும் பிழைக்காது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே 1973-ல் அவர்கள் செய்த இன்னொரு காரியம்தான் என் கணக்கில் பெரியது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தார்கள்.

அதன் அவசியத்தைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டின் சொத்தைப் பாருங்கள். தாத்தாவின் நிலம் பிள்ளைகளுக்குப் பிரிந்து, பேரப்பிள்ளைகளுக்கு மறுபடி பிரிந்து, இங்கே இரண்டு படி, அங்கே மூன்று படி, நடுவில் மலை முழுக்க அடுத்தவர் நிலம். ஒவ்வொரு வீட்டின் அடித்தளத்திலும் ஒரு பிழியும் தொட்டி, இரண்டு பீப்பாய். ஒருவர் ஒயின் போல இன்னொருவர் ஒயின் இருக்காது. கொஞ்சம் நன்றாக வரும், கொஞ்சம் புளித்துப் போகும். புட்டியில் அடைத்து, முத்திரை ஒட்டி, வெளியூர்க் கடைக்கு அனுப்பும் வசதி யாரிடமும் இல்லை. முத்திரைக்குத் தகுதி கிடைத்தும் முத்திரையிட ஆளில்லாத நிலை.

சங்கம் அந்த இடைவெளியை அடைத்தது. உறுப்பினர்கள் திராட்சையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எடை போட்டு, இனிப்பின் அளவு பார்த்து, அதற்கேற்ப விலை. பிழிவது, நொதிக்கவிடுவது, புட்டியில் அடைப்பது, விற்பது எல்லாம் சங்கத்தின் வேலை. மனரோலாவுக்கு மேலே க்ரோப்போ என்ற சிற்றூரில் 1982-ல் சங்கத்தின் ஒயின் கூடம் திறந்தது. இரண்டே படி வைத்திருந்த கிழவருக்கும் தன் திராட்சைக்கு ஒரு வாசல் கிடைத்தது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. எல்லார் திராட்சையையும் ஒன்றாகக் கொட்டினால் ஒவ்வொரு சரிவுக்கும் உரிய தனிச்சுவை கரைந்துபோகும் என்பார்கள். நியாயமான பேச்சுதான். சங்கமும் பின்னாளில் மனரோலா, ரியோமாஜோரே, வொலாஸ்த்ராச் சரிவுகளின் ஒயினைத் தனித்தனிப் பெயரில் அடைக்கத் தொடங்கியது. தனியாக ஒயின் செய்யும் குடும்பங்களும் பிறகு தோன்றின, அவர்களில் சிலர் மிக நல்ல ஒயின் செய்கிறார்கள். ஆனால் 1970-களில் கேள்வி சுவையைப் பற்றியது அல்ல. அறுவடையை வாங்க ஒருவர் இருக்கிறாரா, இல்லையா என்பதுதான்.

ஒற்றைத் தண்டவாளம்

அறுவடை என்றதும் பெண்கள்தான் நினைவுக்கு வர வேண்டும். செப்டம்பரில் கொடியிலிருந்து வெட்டிய குலைகளைக் கூடையில் நிரப்பி, சும்மாட்டின் மேல் ஏற்றி, நூற்றுக்கணக்கான படிகள் ஏறியும் இறங்கியும் ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். சுவருக்கான கல்லும் மண்ணும்கூட அந்தத் தலைகளில்தான் போயின. திரமோந்தியின் சில சரிவுகளில் மேலே ஏற்றுவதைவிடக் கடலுக்கு இறக்குவது எளிது என்று படகில் ஏற்றி அனுப்பினார்கள்.

வெட்டுவதும் லேசல்ல. கடற்காற்றுக்குப் பயந்து கொடியை இங்கே உயரமாக விடுவதில்லை. இடுப்புக்கும் கீழே தாழ்ந்த பந்தல். அடியில் மண்டியிட்டு, சில இடங்களில் தவழ்ந்து போய், அண்ணாந்தபடி குலையை வெட்ட வேண்டும். கூலி ஆள் வைத்தால் முதலுக்கே மோசம். வீட்டு ஆட்களோ கப்பல் தளத்தில்.

1980-களில் இந்தச் சரிவுகளில் ஒரு புதிய சத்தம் கேட்கத் தொடங்கியது. பல் வெட்டிய ஒற்றைத் தண்டவாளம், அதைப் பற்றிக்கொண்டு ஏறும் சின்ன என்ஜின், பின்னால் கூடைகள் அடுக்கிய தட்டு வண்டி. நடை வேகம்தான். ஆனால் ஆள் ஏறவே திணறும் செங்குத்தில் அது நிற்காமல் ஏறியது. ஒரு பெண் பகல் முழுவதும் சுமந்ததை ஒரே நடையில் கொண்டுவந்து சேர்த்தது.

சுமை குறைந்ததும் சிலர் தோட்டத்தைத் தொடர்ந்தார்கள். தண்டவாளம் போன பக்கத்தில் கொடி தங்கியது, போகாத பக்கத்தில் காடு ஏறியது என்பதை மனரோலாவைச் சுற்றியுள்ள மலையை இன்று நிமிர்ந்து பார்த்தாலே காணலாம்.

ஆனால் அந்த வண்டி கல்லைச் சுமக்கும், கல்லை அடுக்காது. சுவருக்கு ஆள்தான் வேண்டும். 1973-ன் ஆணை பெயரைக் காத்தது, சங்கம் விலையைக் காத்தது, தண்டவாளம் தலைச்சுமையை இறக்கியது. வயிறு தள்ளிய சுவரைப் பிரித்துக் கட்டும் கைகளுக்கு மட்டும் மாற்று வரவே இல்லை. அந்தக் கைகளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது.

உலகம் பார்க்க வந்தது

1997-ல் யுனெஸ்கோ, போர்த்தோவெனெரேயையும் ஐந்து ஊர்களையும் எதிரே உள்ள தீவுகளையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. மனிதரும் இயற்கையும் சேர்ந்து செதுக்கிய நிலக்காட்சி என்பதே காரணம். காப்பாற்ற வேண்டியது கற்படிகளை என்று உலகமே ஒப்புக்கொண்டது போலத்தான். 1999-ல் தேசியப் பூங்காவும் வந்தது.

பயணிகள் வந்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு அதிகமாக வந்தார்கள். பழைய வீடுகளில் அறை வாடகைக்கு விடுவது, கடை வைப்பது, படகு ஓட்டுவது என்று ஊரிலேயே பிழைப்பு கிடைத்தது. இளைஞர்கள் லா ஸ்பேட்சியாவுக்கு ஓட வேண்டிய தேவை குறைந்தது. இது நல்லது, மறுக்க மாட்டேன். ஆனால் மூன்று அறை வாடகைக்கு விட்டுப் பெறும் வருமானத்தோடு மூன்று படித் தோட்டத்தின் வருமானத்தை ஒப்பிட்டால் தோட்டம் எங்கே நிற்கும்? கப்பல் தளம் அன்று போட வைத்த கணக்கை, அறை வாடகை மறுபடி போட வைத்தது. இந்தமுறை ஆள் ஊரிலேயே இருந்தார், தோட்டத்துக்குத்தான் போகவில்லை.

படிகள் எல்லாம் ஒரே நிலையில் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நீண்ட காலம் முன்பே கைவிட்டவற்றில் காடு வேரூன்றி, ஓரளவு மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. பராமரிப்பில் உள்ளவை சுவரின் தயவில் நின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ளவைதான் ஆபத்து: சமீபத்தில் கைவிட்டவை. சுவரைத் திருத்த ஆளில்லை, மண்ணைப் பிடிக்க மரமும் இன்னும் வளரவில்லை. அப்படிப்பட்ட படிகள் வெர்னாட்சாவுக்கு மேலே இருந்த சரிவுகளில் நிறைய இருந்தன.

அந்தச் சரிவுகளின் நீரெல்லாம் சேரும் ஓடை, ஊருக்குள் நுழைந்ததும் மண்ணுக்கடியில் மறைந்துவிடும். அதை மூடித்தான் பிரதான வீதியைப் போட்டிருந்தார்கள். இருபுறமும் கடைகள், வீதி முடியும் இடத்தில் சிறு துறைமுகம்.

2011 அக்டோபர் 25, செவ்வாய்க்கிழமை. அறுவடை முடிந்து ஷாக்கெத்ராவுக்கான குலைகள் உலர்ந்துகொண்டிருந்த பருவம். கடலிலிருந்து வந்த மேகங்கள் மலைமுகட்டில் மோதி, நகராமல் ஒரே இடத்தில் கொட்டத் தொடங்கின. ஆண்டின் கணிசமான பங்கு மழை சில மணி நேரத்துக்குள் விழப்போகிறது. வெர்னாட்சாவிலும் மொந்தெரோஸ்ஸோவிலும் உயிர்கள் போகப்போகின்றன. மேலே, வயிறு தள்ளி நின்ற சுவர்களுக்குப் பின்னால் நீர் ஏறிக்கொண்டிருந்தது.

எந்தச் சுவர் நின்றது, எது சரிந்தது? அந்த வேறுபாட்டை எழுதியது மழையா, அல்லது இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் எடுத்த முடிவா?

(தொடரும்)